பிள்ளைகளுக்குத் தேனீயைக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம் பார்க்க வரும் சின்னப் பிள்ளைகளுக்குத் தேனீயையும் மகரந்தச் சேர்க்கையையும் சொல்லிக்கொடுக்கப் புதுப்புது ஆட்கள் வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நான் ஆரம்பத்தில் சொதப்பிய அதே இடங்களில்தான் சொதப்புகிறார்கள். கூட்டைக் கலைக்காதே, கல்லெறியாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விடுங்கள்.

செம்பருத்தியை வைத்துப் பாடம் எடுப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பூ பெரிது, பாகங்கள் பளிச்சென்று தெரியும், வாசலிலேயே பூக்கும். உடனே ஒன்றைப் பறித்துவிடுகிறார்கள். ஒரு பொடியன் கேட்டான்: "எங்க ஊட்டுச் செடி தெனமும் பூக்குதுங்க, காயே வைக்கலீங்களே?" சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சை மாற்றிவிட்டார். வாசல் செம்பருத்தி பெரும்பாலும் காய் பிடிக்காது. குச்சி ஒடித்து நட்டுத்தான் வளர்க்கிறோம். தேனீ வந்தால் காய் வரும் என்று சொல்லிவிட்டுக் காய்க்காத பூவைக் காட்டினால் பிள்ளை எதை நம்பும்?

அரசாணிக் (மஞ்சள் பூசணி) கொடிக்குக் கூட்டிப்போங்கள். ஆண் பூவுக்கு வெறும் காம்பு, பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு. "பிஞ்சு முன்னாடியே இருக்குதே, அப்புறம் தேனீ எதுக்கு?" என்பார்கள். அருமையான கேள்வி, வாயால் பதில் சொல்லாதீர்கள். மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டுகளில் சிலவற்றுக்கு மாலையிலேயே மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். காலையில் கட்டலாம் என்று இருந்தால், விடியும்போதே பூ விரிந்து தேனீ வந்து போயிருக்கும். சில நாளில் பைக்குள் இருக்கும் பிஞ்சு மஞ்சளித்து உதிரும், திறந்திருந்தது பருக்கும். திறந்த பூவிலும் ஒன்றிரண்டு உதிரத்தான் செய்யும். அதனால் ஒற்றைப் பூவை நம்பி உட்காராதீர்கள்.

காலில் ஒட்டிய மஞ்சள் உருண்டை

பிள்ளைகள் அதைத் தேன் என்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவரோ, அடுத்த பூவுக்குக் கொண்டுபோகிறது என்கிறார். இரண்டும் தப்பு. அது கூட்டிலுள்ள புழுக்களின் தீனிக்காகச் சேர்த்த மகரந்தம். காய் பிடிக்க உதவுவது உடம்பு மயிரில் ஒட்டிய தூள். தேனீக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது, அது தீனி தேடித்தான் வருகிறது. 'பூவுக்கு உதவி செய்யும் நல்ல தேனீ' என்று கதை கட்ட வேண்டாம்.

கோடு போட்ட குண்டுப் பூச்சிப் படம்

தேனீ என்று படத்தில் காட்டும் அந்தக் குண்டுப் பூச்சி (பம்பிள்பீ) நம் சமவெளியில் கிடையாது. சுவர்ப் பொந்தில் எறும்பளவு கொசுத்தேனீ இருக்கும், கொட்டாது. அதைக் காட்டுங்கள்.

"தேனீ இல்லாவிட்டால் சோறே இல்லை"

நெல் தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், மக்காச்சோளத்துக்குக் காற்று போதும். வாய்க்கால் பாசன வயல் நடுவே நின்றுகொண்டு, தேனீ இல்லாவிட்டால் சோறே இல்லை என்று சொல்லாதீர்கள்.