ஆரல்வாய்மொழிக் காற்றைத் தாங்கும் முற்றத் தோட்டம்

குமரி மாவட்டத்துக்கு இரு பருவமழைகளும் கிடைத்தாலும், மேற்கே விளவங்கோட்டில் பெய்யும் அளவுக்குக் கிழக்கே தோவாளைப் பக்கம் மழை பெய்வதில்லை. அதற்கும் மேலாக, ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் மேற்குக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. தோவாளைப் பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டு முற்றத்தில் முன்பே போடப்பட்டிருந்த புல்தரை, நாள்தோறும் தண்ணீர் விட்டும் காய்ந்துபோனது இதனால்தான்.

முதலில் மேற்கு மதிலையொட்டி நொச்சிக் கம்புகளை நெருக்கமாக நட்டேன். மதில் காற்றைத் தடுத்து மறுபுறம் சுழலச் செய்யும். இலைவேலியோ அதை வடிகட்டி வேகத்தைக் குறைக்கும் என்பதால், இதையே மிக முக்கியமான வேலையாகக் கருதுகிறேன். பிறகு புல்லை அகற்றி, குழி எடுத்து, ஊறவைத்த தேங்காய்க் கதம்பைகளை, அதாவது உரித்த நார்மட்டைகளை, குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி மண் மூடினேன். கதம்பை தன் எடையைப்போலச் சில மடங்கு நீரைப் பிடித்துவைத்து வேருக்கு மெல்லக் கொடுக்கும்; மட்கும்போது சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) மண்ணில் சேரும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அதன்மேல் ஆடாதோடையையும் வெட்சியையும் நட்டேன். ஆவாரைக்கு ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், நாற்றைப் பிடுங்கி நடுவதைவிட நேரடியாக விதைப்பதே நல்லது. அதன் விதைத்தோல் மிகக் கடினமானது. கரடுமுரடான மணலோடு உள்ளங்கையில் வைத்து, பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, ஓர் இரவு ஊறவிட்டால் விதை பருத்து முளைக்கத் தயாராகும்.

முதல் கோடையில் மட்டும் வேர்ப்பகுதி நன்கு நனையத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. இப்போது சருகைக் கூட்டி எரிக்காமல் செடியடியிலேயே பரப்புகிறேன்; பூத்து ஓய்ந்த ஆவாரையை மழைக்கு முன் கவாத்து செய்கிறேன். வெட்சிக்கு மட்டும் கடுங்கோடையில் இன்னமும் சிறிது நீர் தேவைப்படுகிறது.