பதினெட்டாம் பெருக்குக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

நாலைந்து வாண்டுகளோடு காவிரிப் படித்துறைக்குப் போவது பெரிய சந்தோஷம். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்திருந்தால் இழுப்பு வேகமாக இருக்கும். கடைசிப் படிகளில் பாசி வழுக்கும். அதனால் பிள்ளைகளை மேல்படியிலேயே உட்காரவைத்து, வாளியில் மொண்டு ஊற்றுங்கள். சந்தோஷத்தில் இன்னும் குதிப்பார்கள்!

எல்லோருக்கும் ஒரே நிறத்தில், கண்ணைப் பறிக்கிற சட்டை போடுங்கள். உள்பக்கக் காலரில் அழியாத மார்க்கரால் உங்கள் கைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். முக்கியமாக, "நீ இவனைப் பாரு, அத்தை அவளைப் பார்க்கட்டும்" என்று வீட்டிலேயே பேர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். பொதுவாகச் சொன்னால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள்.

பிள்ளைகள் இழுக்கும் சின்னத் தேரான சப்பரம் ஒன்றுதான் என்றால் சண்டை நிச்சயம். முன்னால் இரண்டு கயிறு கட்டுங்கள். இரண்டு பேர் இழுக்கட்டும், சின்னது பின்னால் தள்ளட்டும். தெருமுனையில் ஆள் மாற்றுங்கள். காப்பரிசியை (வெல்லம் கலந்த ஊறவைத்த அரிசி) ஆளுக்கொரு சின்ன டப்பாவில் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தால் பாதி அழுகை குறையும். புளியோதரையில் வேர்க்கடலை போடாதீர்கள், குட்டிகளுக்குப் புரையேறும்.

கூட்டத்தில் தனியாக அழுதுகொண்டு நிற்கும் குழந்தையைப் பார்த்தால் பக்கத்துப் போலீஸிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.