முதலில் வந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்: நிலநடுக்கச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்காவது நிலம் குலுங்கிய சில நிமிடங்களில் தொலைக்காட்சியின் அடிவரியில் ஓர் எண் ஓடத் தொடங்கிவிடுகிறது. ‘ரிக்டர் அளவுகோலில் 7.9 ஆகப் பதிவானது’ என்று மறுநாள் நாளிதழும் எழுதுகிறது. உண்மையில் எந்தக் கருவியிலும் அப்படி ஓர் எண் பதிவாவதில்லை. கருவியில் பதிவாவது ஒரு நெளிகோடு. அதிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பதுதான் எண். எந்த அலையை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பதைப் பொறுத்து விடையும் மாறும்.

இந்த விஷயத்தில் நம் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய ஆசிரியர், நிலநடுக்க ஆய்வாளர் ஹிரோ கனமோரி. 1936இல் டோக்கியோவில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1972 முதல் அமெரிக்காவின் கால்டெக் என்னும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவர். நிலநடுக்கத்தைப் பற்றி நாம் வழக்கமாகச் செய்யும் பிழைகளில் பலவற்றுக்கு அவருடைய ஏதாவது ஓர் ஆய்வில் பதில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ரிக்டரை இழுப்பது

சார்லஸ் ரிக்டர் 1935இல் தன் அளவுகோலை வகுத்தது தெற்குக் கலிஃபோர்னியாவுக்காக. அதிலும் வுட்-ஆண்டர்சன் என்ற ஒரு வகைக் கருவியை மட்டும் மனத்தில் வைத்து. நிலநடுக்க மையத்திலிருந்து 100 கி.மீ. தொலைவில் உள்ள அந்தக் கருவியின் ஒளிப்படத் தாளில் கோடு 1 மில்லிமீட்டர் விலகினால் அளவு 3. 10 மில்லிமீட்டர் விலகினால் அளவு 4. எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் கருவி வேகமாகத் துடிக்கும் சிற்றலைகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். உலகின் பெரிய நிலநடுக்கங்களுக்காகப் பின்னால் வந்த அளவுகோல் 20 விநாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் மேற்பரப்பு அலைகளை எடுத்துக்கொண்டது. அவற்றின் அலைநீளமே ஏறக்குறைய 60, 70 கி.மீ.தான். நிலப்பிளவு நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்கு நகரும்போது இந்த அலை அதன் முழு உருவத்தையும் காட்டாது. படியைக் கிணற்றில் முக்கினாலும் கடலில் முக்கினாலும் ஒரு படித் தண்ணீர்தான் வரும்.

இதனால் நேர்ந்த கூத்தைப் பாருங்கள். 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கும் 1960 சிலி நிலநடுக்கத்துக்கும் மேற்பரப்பு அலைக் கணக்கில் கிடைத்த அளவு ஒன்றே: 8.3. சான்பிரான்சிஸ்கோவில் பிளவின் நீளம் சுமார் 470 கி.மீ.; ஆழமோ பத்துப் பதினைந்து கி.மீ.தான். சிலியிலோ 800 கி.மீ.க்கும் அதிகமான நீளத்துக்கு, சுமார் 200 கி.மீ. அகலப் பரப்பு, சராசரியாக இருபது மீட்டர் அளவுக்கு நகர்ந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்த அளவுகோலை எப்படி நம்புவது?

கனமோரி 1977இல் வேறு வழியில் போனார். நகர்ந்த பரப்பு எவ்வளவு, எவ்வளவு தூரம் நகர்ந்தது, பாறை எவ்வளவு இறுக்கமானது என்ற மூன்றையும் பெருக்கினால் வருவது நிலநடுக்கத்தின் ‘மொமென்ட்’. நீண்ட அலைகளிலிருந்து அதைக் கணித்துவிடலாம். அந்த மதிப்பைப் பழைய எண்களோடு ஒத்துப்போகும்படி ஓர் அளவாக மாற்றினார். 1979இல் தாமஸ் ஹாங்ஸுடன் சேர்ந்து அதை ஒழுங்கான சூத்திரமாக்கினார். இந்தக் கணக்கில் சிலி 9.5க்கு ஏறியது, சான்பிரான்சிஸ்கோ 7.9க்கு இறங்கியது. ஆற்றலில் ஏறக்குறைய 250 மடங்கு வேறுபாடு. இன்று பெரிய நிலநடுக்கங்களுக்கு நாம் படிக்கும் எண் பெரும்பாலும் இந்த மொமென்ட் அளவுதான். ரிக்டரின் பெயரை விட்டுவிட்டு ‘7.9 அளவுள்ள நிலநடுக்கம்’ என்று எழுதினால் போதும். தவறும் நேராது, இடமும் மிச்சம்.

இங்கேயே இன்னொரு கணக்குப் பிழையையும் சொல்லிவிடலாம். அளவில் 1 கூடினால் அலையின் உயரம் 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ‘சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தால் நல்லது, அழுத்தம் குறைந்துவிடும்’ என்று ஆறுதல் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒரு 7க்கு ஈடுகட்ட 5 அளவுள்ளவை ஆயிரம் வர வேண்டும்.

முதல் எண்ணை முடிவாக எடுத்துக்கொள்வது

இது உயிர்போகும் தவறு. 2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரம் 6.29 அளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் உடையத் தொடங்கியது. உடைப்பு வடக்கு நோக்கி அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. பரவி முடியவே எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. பதினைந்தாவது நிமிடத்தில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் அறிவித்த அளவு 8.0. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 8.5. நீண்ட அலைகளை அலசி 9ஐ ஒட்டிய எண் கிடைத்தபோது நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அலை வந்து போய்விட்டிருந்தது. 8.0க்கும் இறுதியில் கிடைத்த 9.1க்கும் ஆற்றலில் நாற்பது மடங்குக்கு மேல் வேறுபாடு. அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே இல்லை என்பது வேறு பெரிய கதை.

எச்சரிக்கைக்குப் பேர்போன ஜப்பானும் தப்பவில்லை. 2011 மார்ச் 11 அன்று மூன்று நிமிடத்தில் வந்த முதல் மதிப்பீடு 7.9. அதை வைத்து இவாத்தே கடற்கரைக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். பின்னர் எண்ணையும் அலையின் உயரத்தையும் உயர்த்தி அறிவித்தார்கள். ஆனால் பல ஊர்களில் அதற்குள் மின்சாரம் போய்விட்டது. கடைசியில் அளவு 9.0.

இதற்கு மாற்று கனமோரியிடமிருந்தே வந்தது. 1992இல் நிகராகுவா கடற்கரையைத் தாக்கிய நிலநடுக்கத்தின் பதிவுகளில், முதலில் வரும் ‘பி’ அலைகளுக்கும் பின்னால் வரும் மேற்பரப்பு அலைகளுக்கும் நடுவே மெதுவாக எழும் நீண்ட அலையொன்றை அவர் கண்டார். அதற்கு ‘டபிள்யூ’ அலை என்று பெயரிட்டார். மேற்பரப்பு அலைகளுக்காகக் காத்திருக்காமல் பேரளவு நிலநடுக்கத்தைக் கணிக்க அது உதவும். 2004க்குப் பிறகு லூயிஸ் ரிவேராவுடன் சேர்ந்து அதை விரைவுக் கணிப்பு முறையாக்கினார். இன்று அமெரிக்க நிலவியல் ஆய்வு மையமும் அதைப் பயன்படுத்துகிறது. ஆக, முதல் எண்ணைப் பார்த்தால் அடுத்த திருத்தத்துக்கும் காத்திருங்கள். கடற்கரையில் இருப்பவருக்கு மட்டும் இது பொருந்தாது. நிலம் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடினால் அவர் எண்ணுக்காகக் காத்திருக்கக்கூடாது. மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

குலுக்கலை வைத்துக் கடலை எடைபோடுவது

லேசாகத்தானே ஆடியது, கடல் என்ன செய்துவிடும் என்ற நினைப்பு 1896இல் ஜப்பானின் சன்ரிக்குக் கடற்கரையில் சுமார் 22,000 உயிர்களைக் கொண்டுபோனது. அன்று மாலை அதிர்வு மென்மையாகவே இருந்தது. யாரும் பதறவில்லை. அரைமணி நேரம் கழித்து வந்த அலை ஓரிடத்தில் 38 மீட்டர் உயரம் வரை ஏறியது. ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது ஊர் இல்லை.

கனமோரி 1972இல் இதையும் 1946 அலூஷன் தீவு நிலநடுக்கத்தையும் ஆராய்ந்து, இவற்றைத் தனி வகையாகப் பிரித்தார். கடலகழிக்கு, அதாவது கடலடியில் உள்ள ஆழமான நீள்பள்ளத்துக்கு, அருகே உடைப்பு மெல்ல நகர்கிறது. நம் உடம்புக்கு உறைக்கிற வேகமான அலைகள் குறைவாக எழ, கடல்தரை மட்டும் பெரிதாகப் பெயர்கிறது. அதிர்வு ஏமாற்றுவதற்குக் காரணம் இதுதான்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது சென்னையில் அலுவலகங்கள் காலியாயின. பெரிய சுனாமி வரவில்லை. பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் கடல்தரை மேலே எழவில்லை. அதற்காக அன்று ஓடியது வீண் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடியவர்களுக்கு அந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

நெளிந்த கோடெல்லாம் நிலநடுக்கம் என்பது

1989 ஆகஸ்டில் கொலம்பியா விண்ணோடம் கலிஃபோர்னியாவில் தரையிறங்க வந்தது. அதன் ஒலியதிர்வு லாஸ் ஏஞ்சலஸின் உயரமான கட்டடங்களை மோதி ஆட்ட, அந்த ஆட்டம் தரைக்குள் இறங்கியது. வானில் வந்த அதிர்வு எட்டுவதற்குப் பத்து விநாடிக்கும் மேல் முன்னதாகவே நிலத்துக்குள் வந்த அலை, அருகில் உள்ள பாசடீனா நகரின் கருவிகளைத் தொட்டுவிட்டது. கனமோரியும் சக ஆய்வாளர்களும் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். போர் விமானச் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்து நம் ஊர்களில் மக்கள் தெருவுக்கு ஓடிவரும்போது இது நினைவுக்கு வரும்.

எச்சரிக்கையையும் முன்கணிப்பையும் குழப்புவது

முன்னெச்சரிக்கை என்பது நிலம் உடைந்த பிறகு வருவது. ‘பி’ அலை விநாடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் பாயும், சேதம் செய்யும் ‘எஸ்’ அலை சுமார் 3.5 கி.மீ. வேகத்தில் பின்தொடரும். 100 கி.மீ. தள்ளி இருப்பவருக்கு நடுவே பன்னிரண்டு விநாடி கிடைக்கும். தைவானின் யீ-மின் வூவுடன் கனமோரி உருவாக்கிய முறை, ‘பி’ அலையின் முதல் மூன்று விநாடிகளைக் கொண்டே வரப்போகும் ஆட்டத்தை மதிப்பிடப் பார்க்கிறது. ரயிலின் வேகத்தைக் குறைக்கவும் மேசைக்கு அடியில் ஒடுங்கவும் அந்த அவகாசம் போதும்.

முன்கணிப்பு அப்படியல்ல. கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் ஏறக்குறைய 22 ஆண்டுக்கு ஒருமுறை நிலநடுக்கம் வந்துகொண்டிருந்தது. 1993க்குள் அடுத்தது வரும் என்று எதிர்பார்த்து ஊரைச் சுற்றிக் கருவிகளை நட்டார்கள். அது 2004 செப்டம்பரில்தான் வந்தது. அத்தனை கருவிகளிலும் நம்பத்தக்க முன்னறிகுறி எதுவும் சிக்கவில்லை. ஊர், நாள், நேரம் குறித்து வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடலாம்.