கைமாறிய மாளிகையின் வரலாற்றை எழுதுவது எப்படி?

மட்டக்களப்பில் காணி வாங்க முற்படுபவர், வளவின் அழகில் மயங்குவதற்கு முன்னர் காணியின் உரிமைப் பத்திரமான உறுதியையும் அதற்கு முந்திய உறுதிகளையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார். பிரபுக் குடும்பமொன்றின் மாளிகை பொதுக் கட்டடமான கதையை எழுதுபவரும் அவ்வாறே தொடங்க வேண்டும்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலுள்ள மெடிச்சி ரிக்கார்டி மாளிகையை எடுத்துக்கொள்வோம். வங்கித் தொழிலில் செல்வம் சேர்த்த கோசிமோ தே மெடிச்சிக்காக மிக்கெலொட்சோ என்ற கட்டடக் கலைஞர் 1444ஆம் ஆண்டளவில் இதன் வேலையைத் தொடங்கினார். 1659இல் ரிக்கார்டி குடும்பம் இதை விலைக்கு வாங்கியது. 1814இல் இது தொஸ்கானா அரசின் கைக்கு வந்தது. 1865 முதல் 1871 வரை புளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்த காலத்தில் இங்கு உள்துறை அமைச்சு இயங்கியது. 1874இல் மாகாண நிருவாகம் இதை வாங்கிக்கொண்டது. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தாளை வைத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். என் கணிப்பில் வரலாற்றின் சுவை முழுவதும் இங்குதான் உள்ளது. கீழ்த் தளத்தின் கற்கள் கரடுமுரடாகப் புடைத்து நிற்க, மேலே செல்லச் செல்ல அவை மழமழப்பாகின்றன. தெருவில் நிற்பவரை அச்சுறுத்தும் தோற்றம் அது. உள்ளே, பெனொட்சோ கொட்சோலி 1459இல் வரையத் தொடங்கிய குழந்தை இயேசுவைக் காணச் சென்ற மூன்று ஞானிகளின் ஊர்வலம் சிற்றாலயச் சுவர்களைச் சுற்றிச் செல்கிறது. பின்னர் ரிக்கார்டி குடும்பத்தினர் பெரிய படிக்கட்டு அமைத்தபோது அச்சுவர்களில் ஒன்றை வெட்டினர். ஊர்வலம் அந்த மூலையில் ஏன் முறிகிறது என்று கேட்டால், புதிய உரிமையாளரின் பெயர் விடையாகக் கிடைக்கும்.

இந்தப் பயிற்சியை மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையிலேயே தொடங்கலாம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர்; ஆங்கிலேயருக்குப் பின்னரும் நெடுங்காலம் அதற்குள் மாவட்ட நிருவாக அலுவலகமான கச்சேரி இயங்கியது. (அது எவருடைய மாளிகையும் அல்ல என்பது உண்மைதான், ஆனாலும் கைமாற்றம் கைமாற்றமே.) கொத்தளங்களைப் படம்பிடிப்பதோடு நின்றுவிடாமல், அலுவலகத் தேவைக்காகப் பிற்காலத்தில் எழுப்பிய சுவர்களையும் கூரைகளையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பலர் அவற்றை அழகைக் கெடுப்பவை என்று விட்டுவிடுகின்றனர்; கடைசி உறுதி அங்கேதான் இருக்கிறது.