கல்லூரி மெயிலுக்கு எது சரி: தண்டர்பேர்டா, அவுட்லுக்கா?

பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் வீடு இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி மழை பிடித்தால் நெட்டும் போகும், கரண்டும் போகும். கைடு அனுப்பிய திருத்தம் அன்றைக்குத்தான் தேவைப்படும். பிரவுசரில் மட்டும் மெயில் பார்ப்பவர் கையைப் பிசைய வேண்டியதுதான். அதனால் மெயில் மென்பொருள்களை ஒப்பிடும்போது தோற்றத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் டிஸ்கில் எத்தனை நாள் மெயிலை வைக்கிறது என்று பாருங்கள்.

முதல் வேலை, மெயில் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. கல்லூரி ஐடியைப் போட்டு பிரவுசரில் நுழையுங்கள். ஜிமெயில் பக்கம் வந்தால் கூகுள், அவுட்லுக் பக்கம் வந்தால் மைக்ரோசாஃப்ட். பல்கலைக்கழகம் ஒன்றாக இருந்தாலும் கல்லூரிக்குக் கல்லூரி ஏற்பாடு மாறலாம். நாகர்கோவிலில் படிக்கும் நண்பர் சொன்னதை மார்த்தாண்டத்தில் அப்படியே நம்பாதீர்கள்.

எது யாருக்கு?

தண்டர்பேர்ட் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கூகுள் மெயில் என்றால் யோசிக்காமல் இதையே போடலாம்.

அவுட்லுக்கில் இரண்டு வகை உண்டு, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பழைய கிளாசிக் அவுட்லுக் கனமானது, ஆனால் மைக்ரோசாஃப்ட் மெயிலுக்கும் காலண்டருக்கும் நன்றாகப் பொருந்தும். கல்லூரி வாங்கியிருப்பது ஏ1 லைசென்ஸ் (கல்லூரிகளுக்கான மைக்ரோசாஃப்டின் அடிப்படைத் திட்டம்) என்றால் அது கிடைக்காது. அதில் பிரவுசர் வழி மட்டும்தான். விண்டோஸோடு வரும் புதிய அவுட்லுக்கில் கூகுள் கணக்கைச் சேர்த்தால், மெயிலின் நகல் மைக்ரோசாஃப்ட் சர்வருக்கும் போகும். ஆய்வுத் தரவு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். விண்டோஸில் முன்பு இருந்த 'மெயில்' செயலிக்கு 2024 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அதைத் தேட வேண்டாம்.

லினக்ஸில் எவல்யூஷன் என்ற மெயில் மென்பொருள் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் சர்வரில் உள்ள மெயிலை லினக்ஸில் பார்க்க அது நல்ல வழி.

ஒரு சின்ன உதாரணம். 22 எம்பி தீசிஸ் ஃபைலை ஜிமெயில் பக்கத்தில் அனுப்பினால் போய்விடும், அங்கே எல்லை 25 எம்பி. அதே கூகுள் கணக்கை கிளாசிக் அவுட்லுக்கில் சேர்த்து அனுப்பினால் ஃபைல் பெரிது என்று மறுக்கும், ஏனென்றால் அதற்குள்ளேயே 20 எம்பி என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். சர்வரில் கோளாறு என்று நினைத்து அலைய வேண்டாம்.

தண்டர்பேர்டை அமைப்பது

1. பெயர், கல்லூரி மெயில் முகவரி கொடுங்கள். சர்வர் விவரத்தைப் பெரும்பாலும் அதுவே கண்டுபிடிக்கும். மெயிலை எடுக்கும் முறை ஐமேப்பா, போப்3-ஆ என்று கேட்டால் ஐமேப் மட்டுமே; அதில் மெயில் சர்வரிலேயே இருக்கும், இங்கே நகல் வரும். போப்3 மெயிலை இறக்கிய பிறகு, அமைப்பைப் பொறுத்து, சர்வரிலிருந்து அழித்துவிடும். அப்புறம் போனில் இன்பாக்ஸ் காலியாக நிற்கும். கையால் நிரப்ப வேண்டி வந்தால் வரும் மெயிலுக்கு போர்ட் (சர்வரின் இணைப்பு எண்) 993, கூகுள் வழி அனுப்ப 465.

2. கூகுள் உள்நுழைவு ஜன்னல் திறக்கும். பாஸ்வேர்ட் போட்டும் அது திரும்பத் திரும்ப வந்தால் தண்டர்பேர்டின் பிரைவசி அமைப்பில் குக்கீஸ் (உள்நுழைவை நினைவில் வைக்கும் சிறு தகவல்கள்) அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஐமேப்பையோ வெளி மென்பொருளையோ கல்லூரி அட்மின் தடுத்திருப்பார். அவரிடம்தான் கேட்க வேண்டும்.

3. அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய் 'சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பாருங்கள். மெயில்களை இந்தக் கம்ப்யூட்டரில் வைக்கும் பெட்டியில் டிக் இருக்க வேண்டும். டிஸ்க் சிறியது என்றால் கடைசி 180 நாள் போதும் என்று வைக்கலாம்.

4. ஜிமெயிலில் ஒரே மெயில் இன்பாக்ஸிலும் 'ஆல் மெயில்' ஃபோல்டரிலும் தெரியும். தண்டர்பேர்ட் இரண்டையும் தனித்தனியாக இறக்கும், இடம் இரட்டிப்பாகும். கணக்கின் மேல் ரைட் கிளிக், 'சப்ஸ்கிரைப்', அதில் ஆல் மெயில் டிக்கை எடுங்கள். ஆர்க்கைவ் செய்த மெயில் பிறகு இங்கே தெரியாது, பிரவுசரில் பார்க்கலாம்.

5. ஊருக்குப் பஸ் ஏறுமுன், நெட் இருக்கும்போதே, ஃபைல் மெனுவில் 'ஆஃப்லைன்', பிறகு 'டவுன்லோட்/சின்க் நவ்'.

கிளாசிக் அவுட்லுக் வைத்திருந்து போன வருஷ மெயில் காணவில்லை என்றால் பதற்றப்படாதீர்கள். அது பெரும்பாலும் 1 வருஷ மெயிலைத்தான் டிஸ்கில் வைத்திருக்கும். அக்கவுண்ட் செட்டிங்ஸில் உள்ள ஸ்லைடரை 'ஆல்' வரை நகர்த்துங்கள்.

லேப் கம்ப்யூட்டரில் இவை எதையும் அமைக்க வேண்டாம். தண்டர்பேர்ட் மெயிலைப் பூட்டாமல் சாதாரண ஃபைலாகத்தான் வைக்கும். அடுத்து உட்காருபவர் திறந்து படிக்கலாம்.

படிப்பு முடியும் முன்

ஐமேப் நகலை பேக்கப் என்று நம்பாதீர்கள். சர்வரில் அழிந்தால் அடுத்த சின்க்கில் இங்கேயும் அழியும். ஐடி மூடப்படும் முன் வேண்டிய மெயில்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் 'காப்பி டு' வழியாக 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' உள்ளே போடுங்கள். 'மூவ் டு' கொடுத்தால் சர்வரில் இருக்காது.

பிறகு ஹெல்ப், 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போய் மெயில்கள் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து, தண்டர்பேர்டை மூடிவிட்டு, முழு ஃபோல்டரையும் பென்டிரைவுக்கு நகலெடுங்கள். பாதியில் ஃபைல் பெரிது என்று நின்றால் பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது; ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதும் ஒரே ஃபைல் என்பதால் பெரிய இன்பாக்ஸ் அதைத் தாண்டிவிடும். பென்டிரைவில் உள்ளதை எடுத்து வைத்துவிட்டு, அந்த எல்லை இல்லாத எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்து மறுபடி நகலெடுங்கள்.