எதுகை எங்கே, இயைபு எங்கே: தொடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபுக்கவிதை எழுதத் தொடங்கும் இளைஞர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு, அடிகளின் கடைசி ஒலி ஒன்றிவிட்டால் அதையே எதுகை என்று கொள்வதாகும். திரைப்பாடல்களும், பள்ளியில் மனப்பாடம் செய்த ஆங்கிலப் பாடல்களும் நம் செவியை அடியின் ஈற்றுக்கே பழக்கிவிட்டன. அடிகளிலும் சீர்களிலும் எழுத்தோ ஒலியோ ஒன்றி வரும் அமைப்பே தொடை. அதில் ஈற்றில் ஒன்றுவது இயைபு. முதலெழுத்து ஒன்றுவது மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றுவதே எதுகை. தமிழ்ச் செய்யுள் பெரிதும் சார்ந்திருப்பது மோனையையும் எதுகையையும்தான்.

வேலூரை அடுத்துப் பொன்னையாற்றங்கரையில் உள்ள திருவல்லத்தைச் சம்பந்தர் பாடிய பதிகத்தின் முதற்பாட்டைப் பாருங்கள். அதன் நான்கு அடிகளும் எரித்தவன், தரித்தவன், விரித்தவன், தெரித்தவன் என்று தொடங்குகின்றன. இரண்டாம் எழுத்தான 'ரி' நான்கிலும் ஒன்றுகிறது. ஈற்றுச் சொற்களோ மூழ்க, தாழ்சடைமேல், வேறுவேறு, திருவல்லமே என்று தனித்தனியே நிற்கின்றன. ஈற்றை மட்டும் கேட்பவர் இப்பாட்டில் ஓசை ஒன்றவில்லை என்று சொல்லிவிடக்கூடும். அது எவ்வளவு பெரிய இழப்பு!

இதே பாட்டு இன்னொரு தவறையும் திருத்தும். மோனை என்றால் அதே எழுத்துதான் மீண்டும் வர வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். 'விரித்தவன் வேதங்கள் வேறுவேறு' என்னும் அடியில் வி, வே, வே என வருவதும் மோனையே, ஏனெனில் இ, ஈ, எ, ஏ ஆகியவை ஓரினம். அவ்வாறே சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும், ஏறிய உயிர்களும் இனமாக இருக்கும்போது, மோனையாகும். இதை அறியாமல், முதலெழுத்துக்காகப் பொருந்தாத சொல்லை வலிந்து புகுத்திக் கவிதையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எதுகையில் இரண்டாம் எழுத்தைப் பார்க்கிறவர்கள்கூட முதலெழுத்தின் அளவை மறந்துவிடுகிறார்கள். குறிலுக்குக் குறிலும் நெடிலுக்கு நெடிலும் வர வேண்டும். ஓரடியைப் 'பாலாறு' என்று தொடங்கினால் அடுத்த அடியை 'வேலூர்' என்று தொடங்கலாம். பா, வே இரண்டும் நெடில், லா, லூ இரண்டும் லகர வருக்கம். ஆற்காட்டுப் பக்கத்துக் 'கலவை'யை அங்கே வைத்தால் எதுகை ஆகாது, ககரம் குறில் என்பதால்.

நம் வேலூர் வட்டாரத்தில் தெலுங்கும் உருதுவும் வீட்டுமொழிகளாக இருப்பதால், அம்மொழிக் கவிதைகளை நம் அளவுகோலால் அளக்கும் பழக்கமும் உண்டு. தெலுங்கில் உத்பலமாலை போன்ற விருத்தங்களுக்கு இரண்டாம் எழுத்தின் மெய் ஒன்றும் 'பிராச' கட்டாயம். ஆனால் வேமனர் கையாண்ட ஆட்டவெலதி என்னும் யாப்புக்கு அது தேவையில்லை. எனவே அவர் பாடலில் எதுகையைத் தேடிக் குறை காண்பது முறையன்று.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருது கஜல் கேட்பவர்கள், ஒவ்வோர் ஈரடியின் முடிவிலும் அப்படியே திரும்பி வரும் சொல்லையே இயைபு என்று எண்ணிவிடுகிறார்கள். அச்சொல் ரதீஃப், உண்மையான ஒலி ஒற்றுமை அதற்கு முன்னே நிற்கும் காஃபியாவில் உள்ளது. 'வாடும் மனமே', 'தேடும் மனமே', 'பாடும் மனமே' என்று தமிழில் அமைத்தால், மனமே என்பது ரதீஃப், வாடும், தேடும், பாடும் என்பவை காஃபியா. முதல் ஈரடியில் இரண்டு அடிகளும் இவற்றை ஏற்கும். அதன்பின் இரண்டாம் அடி மட்டுமே ஏற்கும் என்பதால், முதலடி ஒன்றவில்லை என்று குறை சொல்வதற்கில்லை.

ஆங்கிலத்தில் தவறு கண்ணால் நேர்கிறது. லவ் (love), மூவ் (move) என்னும் சொற்களின் கடைசி மூன்று எழுத்துகள் ஒன்றே, ஒலியோ வேறு. அழுத்தம் பெறும் உயிரொலி முதல் சொல்லின் முடிவு வரை ஒலி ஒத்து, அவ்வுயிருக்கு முந்திய மெய்யொலி மட்டும் மாறுபட்டால்தான் அங்கே அது நிறைவான இயைபாகும். எழுத்தை நம்பாமல் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே சொற்களை இணைக்க வேண்டும்.