தொங்கிய கேபிள் ட்ரேயைச் சரிசெய்த விதம்

ஜார்ஜ்டவுனில் நான் பராமரிப்பு வேலை பார்க்கும் வணிகக் கட்டடமொன்றில், நடைபாதையின் பொய்க்கூரைப் பலகை வளைந்திருந்ததால் அதைக் கழற்றிப் பார்த்தபோது, மின்கேபிள்களைத் தாங்கிச் செல்லும் தட்டான கேபிள் ட்ரே முழுப் பாரத்துடன் அதன்மேல் சாய்ந்து கிடந்தது.

ட்ரேயை மேலிருந்து தொங்கவிடும் மரைக் கம்பியான திரெட் ராடு ஒன்று, அதைக் கான்கிரீட் துளைக்குள் பிடித்திருக்கும் உலோக ஆங்கருடன் சேர்ந்தே கான்கிரீட்டிலிருந்து உருவி வந்திருந்தது. டிராப்-இன் எனப்படும் இவ்வகை ஆங்கருக்குள் இருக்கும் ஆப்பை அதற்குரிய கருவியால் முழுவதும் அடித்து இறக்கினால்தான் ஆங்கர் விரிந்து துளையின் சுவரை இறுகப் பற்றும். இங்கே ஆப்பு பாதியிலேயே நின்றிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அகன்றுபோன பழைய துளையை விட்டு விலகிப் புதிதாகத் துளையிட்டு, தூசியை நன்றாக ஊதி வெளியேற்றிய பிறகு, புதிய எம்10 (10 மி.மீ. மரை) ஆங்கரை அடித்துப் பொருத்தினேன். பக்கத்து ஏசி இயந்திரத்தின் அதிர்வுக்குத் தளராதிருக்க இரட்டை நட்டும் போட்டேன்.

ட்ரேக்கு அடியில் தொங்கிய கேபிள்களைத் தாங்கியவை வெறும் நைலான் டைகள், அதாவது கட்டும் பட்டைகள். இத்தகைய டைகளுக்குப் பயன்படும் நைலான் 66 ஏறத்தாழ 260 டிகிரி செல்சியசில் உருகிவிடும் என்பதால், தீப்பிடித்தால் அந்தக் கேபிள்கள் சரிந்து, உள்ளே வரும் தீயணைப்பு வீரர்களைச் சிக்கவைக்கும். பிரிட்டனின் மின்இணைப்பு விதிகளான பிஎஸ் 7671 இதற்காகவே, 2018 பதிப்பிலிருந்து, தீயில் முன்கூட்டியே சரியாத தாங்கிகளைக் கட்டடம் முழுவதற்கும் கேட்கின்றன. ஆகவே குறிப்பிட்ட இடைவெளிகளில் துருப்பிடிக்காத எஃகு டைகளைக் கட்டி, கேபிளின் மேலுறை நசுங்காத அளவுக்கு மட்டும் இறுக்கினேன்.